அத்தையின் அலை

என் மாமியார் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கிக்கொள்வார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அத்தை வாசித்து ஒருமுறை கேட்டவர்கள் மட்டும் சிரிப்பதில்லை. ஐந்து பெண்கள் சேர்ந்த வாத்தியக் குழுவில் அவர்தான் கிட்டார். அறுபதைத் தாண்டியும் அவர் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. வாய்தான் யார் பேச்சையும் கேட்காது.

நான் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் செய்கிறவள். வீட்டின் கீழ்த்தளத்தில், கார் நிறுத்துவதற்கென்று கட்டிய அறைதான் என் கடை. தெருப்பக்கம் ஒரு ஷட்டர். பின்பக்கம் வீட்டுக்குள் ஏறிப் போக ஒரு படிக்கட்டு. இந்தப் பக்கத்து மேடைகளில் பாதிக்கு மேல் சத்தம் வருவது நான் பற்றவைத்த ஈயத்தால்தான். இதைத் தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆனால் அத்தையின் ஆம்ப்ளிஃபையரை மட்டும் நான் தொட்டதே இல்லை. அவர் தொட விட்டதில்லை. அதில் சின்னக் கரகரப்பு வந்தால்கூட, என் கடையைத் தாண்டி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் இன்னொரு ரிப்பேர்காரரிடம் தூக்கிப் போவார். அவரை எல்லோரும் டாக்டர் என்பார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"ஏன் அத்தை, எனக்கு வேலை தெரியாதா?"

"தெரியாதுன்னு யாரும்மா சொன்னா? சொந்தக்காரங்ககிட்ட வேலை குடுக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"அதான் ஏன்?"

"வேலை சரியில்லன்னா திட்டணும். மருமகளத் திட்டினா வீடு ரெண்டாயிடும். வெளியாளுன்னா வாயாரத் திட்டலாம். எனக்குத் திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்."

நியாயம்தான். ஆனாலும் எனக்கு அது ஆறவில்லை. ஊரே என்னிடம் வருகிறது, மாடியில் இருக்கிறவர் மட்டும் வருவதில்லை என்றால் எந்த ரிப்பேர்காரிக்குத்தான் பொறுக்கும்?

அந்த ஆம்ப்ளிஃபையரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர். கண்ணாடிக் குழல்கள் சூடேறி, ஆரஞ்சு நிறத்தில் கனன்ற பிறகுதான் வாயைத் திறக்கும். அதன் முகப்பில் ஓரமாக இரண்டு குமிழ்கள்: வேகம், ஆழம். அவை ட்ரெமலோவுக்கு. ட்ரெமலோ என்றால் பயந்துவிட வேண்டாம். ஒரு தந்தியை மீட்டினால் அந்தச் சத்தம் தானாகவே ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும். யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடி விளையாடுகிற மாதிரி. அத்தை அதை அலை என்பார். எவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும் என்பது ஒரு குமிழ், எவ்வளவு கீழே இறங்க வேண்டும் என்பது இன்னொன்று. அத்தையே கட்டிய ஒரு மெட்டு உண்டு. முதலில் கிட்டார் மட்டும், அந்த அலையோடு தனியாக வரும். மற்ற நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, பிறகுதான் சேர்வார்கள். குழுவின் எல்லா நிகழ்ச்சியும் அதில்தான் தொடங்கும்.

அந்த அலை நின்றுபோனது. சத்தம் வருகிறது, கணீரென்று வருகிறது, ஆனால் தரையில் வைத்த பலகை மாதிரி அசையாமல் கிடக்கிறது. டாக்டர் அதைக் கொஞ்ச நாள் வைத்திருந்தார். அலைக்கான வால்வை மாற்றினார், கண்டென்சர்களை மாற்றினார். அவர் மேசையில் அலை அடித்தது. குழு வாசிக்கிற அரங்கத்துக்குக் கொண்டுபோனால் இல்லை. திரும்ப அவரிடம் வந்தால் அடித்தது. மறுபடி அரங்கத்தில் இல்லை. கடைசியில் அவர் கையை விரித்துவிட்டார்.

குழுவுக்குத் தலைவி பேஸ் கிட்டார் வாசிக்கிற அம்மா. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் எல்லோருக்கும் ஹெச்.எம். அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மாலை பெரிய நிகழ்ச்சி. அன்று மதிய ஒத்திகைக்குள் அலை வரவில்லையென்றால், ஒன்று காலடியில் வைத்து மிதிக்கிற டிஜிட்டல் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தொடக்க இசை கீபோர்டுக்குப் போய்விடும்.

"அந்தப் பெட்டியில வர்றது அலையா? விக்கல்," என்றார் அத்தை, இரவுச் சாப்பாட்டில். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. என் கணவர் என்னைப் பார்த்தார், நான் தட்டைப் பார்த்தேன்.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினால் வெளியே அத்தை நிற்கிறார். பக்கத்தில் கணவர், ஆம்ப்ளிஃபையரைச் சுமந்து முகமெல்லாம் வியர்வை. வீட்டுக்குள் இருக்கிற படிக்கட்டில் இறங்கினால் கடை. இவர்கள் வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றி, தெருவழியாக வந்திருக்கிறார்கள்.

"வணக்கம்," என்றார் அத்தை. "இந்த ஆம்ப்ல ட்ரெமலோ வேலை செய்யல. உங்களால பாக்க முடியுமா?"

என்னை நீங்க என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உள்ள வாங்க அத்தை, என்ன இது..."

"இங்க அத்தை இல்ல. கஸ்டமர்."

கணவர் அம்மாவையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கர் கூம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். புத்திசாலி. எனக்குப் புரிந்துவிட்டது: திட்டுகிற உரிமையை முதலிலேயே எழுதாமல் எழுதி வாங்கிக்கொள்கிறார். சரி, வரட்டும் என்று நானும் நிமிர்ந்து நின்றேன்.

"வைங்க மேடம். பாக்கறேன்."

"சனிக்கிழமை மத்தியானம் வேணும்."

"கிடைக்கும் மேடம்."

வாயைக் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் போனதும் ஆம்ப்ளிஃபையரைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். இத்தனை வருஷம் மாடியில் இருந்தும் அதன் முதுகை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். சந்தோஷத்தில் கை கொஞ்சம் அவசரப்பட்டது உண்மை.

முதலில், அலையைக் காலால் மிதித்துப் போடுகிற சுவிட்ச். ட்ரெமலோ வேலை செய்யவில்லை என்று வருகிறதில் பாதி, அதன் வயர் அறுந்ததாகத்தான் இருக்கும். இது நன்றாக இருந்தது. பிறகு உள்ளே இருக்கிற இரும்புத் தட்டை ஸ்க்ரூ கழற்றி வெளியே உருவி, மேசையில் கவிழ்த்து வைத்தேன். பாகங்களெல்லாம் அந்தத் தட்டில்தான். டாக்டர் மாற்றிய கண்டென்சர்கள் பளிச்சென்று தெரிந்தன. வேலை நறுவிசு, ஈயம் முத்து முத்தாக. பாராட்ட மனசு வரவில்லை என்றாலும் பாராட்டித்தான் ஆக வேண்டும். முகப்பில் ஆன் ஆனதைக் காட்டுகிற சின்னச் சிவப்பு லைட் எரியவில்லை. பல்ப் போயிருக்கிறது. இது கடைசியில் ஒரு நிமிஷ வேலை என்று விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் விடுவோம்.

மேசை விளக்கை இழுத்து நேராக அதன் வயிற்றுக்கு மேல் வைத்து, வால்வுகள் சூடானதும் கிட்டார் வயரைச் செருகி, வயர் நுனியை விரலால் தொட்டேன். உம்மென்று ஒரு இரைச்சல் வந்தது. அந்த இரைச்சல் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. நான் இன்னும் எதையும் தொடவே இல்லை, அதற்குள் அலை அடிக்கிறது. கொஞ்சம் மெலிந்த அலை, ஆனால் அலைதான்.

தட்டைப் பெட்டிக்குள் தள்ளி ஸ்க்ரூ போட்டேன். அலை இல்லை.

வெளியே எடுத்தேன். இருந்தது. உள்ளே வைத்தேன். இல்லை.

சரி, எங்கேயோ லூஸ் கனெக்‌ஷன், பெட்டிக்குள் அழுத்தம் பட்டால் விட்டுப் போகிறது என்று முடிவு கட்டினேன். டாக்டரும் இதைத்தான் முடிவு கட்டியிருப்பார். மரக்குச்சியால் ஒவ்வொரு பாகமாகத் தட்டினேன். தட்டைப் பிடித்து முறுக்கினேன். வால்வு சாக்கெட்டின் கால்களை இறுக்கினேன். அலை அசைந்து கொடுக்கவில்லை, அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்து சூட்டின் மேல் சந்தேகம் வந்தது. மூடிய பெட்டிக்குள் வெக்கை, அதில் ஏதோ ஒரு பாகம் மயங்கி விழுகிறது. முடி உலர்த்துகிற மெஷினைக் கொண்டுவந்து தட்டு கை வைக்க முடியாமல் சுடும்வரை ஊதினேன். ஜம்மென்று அடித்தது. பெட்டிக்குள் தள்ளினால் படுத்துவிடுகிறது.

பார்த்துக்கொண்டிருந்தால் ஒழுங்காக நடந்து, தலையைத் திருப்பினால் சேட்டை செய்கிற பிள்ளை மாதிரி தண்ணி காட்டியது. வியாழன் முழுக்க இதே கதை. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. ஸ்க்ரூ துளைகள்கூடத் தேய்ந்திருக்கும். மதியம் டீ கொண்டுவந்த கணவர், "இன்னும் ஆகலையா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. டீயை வைத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் மேலே போய்விட்டார்.

வெள்ளி மதியம் வரைக்கும் என் பெருமையெல்லாம் கிழிந்து தொங்கியது. டாக்டர் கையை விரித்ததற்கு உள்ளுக்குள் சிரித்தவள் நான். இப்போது என் கையும் தானாக விரிந்துகொண்டிருந்தது. அதைவிட, அத்தை அந்த மேடையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கீபோர்டு தொடங்குவதைக் கேட்கப் போகிறாரே என்பதுதான் அதிகம் உறுத்தியது. அந்த மெட்டு அவருடையது. அதை வேறொருவர் தொடங்குவதை நான் எப்படிப் பொறுத்துக்கொள்வேன்?

அந்த நேரம் பார்த்து அத்தை வந்தார். ஷட்டர் வழியாகத்தான்.

"என்ன நிலைமை?"

"பாத்துட்டே இருக்கேன் மேடம். ஒண்ணு கேக்கணும். அலை நின்ன அன்னைக்கு வேற என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கல."

"கீழ விழுந்துச்சா? எங்கயாவது இடிச்சீங்களா?"

"என் ஆம்ப்ப நான் இடிப்பேனா? பெத்த பிள்ளையக்கூட அப்படித் தூக்கினதில்ல." மாடியில் இருக்கும் பெற்ற பிள்ளையின் காதில் இது விழுந்திருக்கும்.

"கரண்ட் ஏதாவது ஏறி இறங்குச்சா?"

"இல்லன்னு சொல்றேன்ல. ஆன் பண்ணேன். ஆன் ஆன மாதிரியே தெரியல, மறுபடி ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். அப்புறம் பாத்தா சத்தம் வருது, அலைதான் இல்ல."

"ஏன் ஆன் ஆன மாதிரி தெரியல?"

"லைட்டு எரியலையே."

"எந்த லைட்டு?"

"அதான், முன்னாடி இருக்கிற சிவப்பு லைட்டு. அது அன்னைக்குத்தான் போச்சு. அதுல என்ன இருக்கு? அலங்காரம்தானே."

நானும் அலங்காரம் என்றுதான் அதைக் கடைசிக்கு ஒதுக்கியிருந்தேன். டாக்டரும் ஒதுக்கியிருந்தார். வால்வு மாற்றினோம், கண்டென்சர் மாற்றினோம், தட்டினோம், முறுக்கினோம், ஊதினோம். ஒரு சுண்டுவிரல் நுனி அளவு பல்பை யாரும் மாற்றவில்லை.

குனிந்து பார்த்தேன். அந்த பல்ப் சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால், தட்டுக்கு உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. எரிந்தால் பாதி வெளிச்சம் வெளியே போகும், மீதி உள்ளேயே விழும். அது விழுகிற இடத்தில், இரண்டு விரல் தள்ளி, கறுப்பு ரப்பர் உறை போட்ட ஒரு சின்ன உருளை. அலைக்கு இருதயம் அதுதான். அந்த உறைக்குள் ஒரு குட்டி நியான் பல்பும், வெளிச்சம் பட்டால் கரண்டுக்கு வழிவிடுகிற ஒரு சின்ன வில்லையும் எதிரெதிரே இருக்கும். பல்ப் மின்னினால் சத்தம் தணியும், அணைந்தால் எழும். மின்னி மின்னி அணைவதுதான் அலை. நன்றாக ஓடுகிற பாகத்தில் கை வைப்பதில்லை என்பது என் வழக்கம். மேசையில் ஓடியதால் அதை நான் பிரிக்கவே இல்லை. இப்போது பார்க்கிறேன், உறை சூட்டில் வெந்து நீளவாக்கில் வெடித்திருக்கிறது. வெடிப்பு நேராகச் சிவப்பு லைட்டைப் பார்த்தபடி இருக்கிறது.

நியான் பல்புக்கு வயதானால் ஒரு கோளாறு வரும். கும்மிருட்டில் அதனால் பற்றிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்து துளி வெளிச்சம் மேலே பட்டால் அதைப் பிடித்துக்கொண்டு எரியும். வால்வுகளின் கனல் தட்டுக்கு மறுபக்கம்; பெட்டிக்குள் தள்ளினால், சிவப்பு லைட் இல்லாமல் இந்தப் பக்கம் கும்மிருட்டு. எனக்கு இது தெரியும். தெரிந்தும், எங்கே கோளாறு என்று தேடுகிற ஒவ்வொரு முறையும் விளக்கை இழுத்து அதன் தலைமேல் வைத்தேன். தேடுகிற வெளிச்சத்திலேயே கோளாறு ஒளிந்துகொண்டது.

"மேடம், கிட்டார எடுத்துட்டு வாங்க. இப்பவே."

அத்தை ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தெருவை மறந்து, கஸ்டமரை மறந்து, பின்பக்கப் படிக்கட்டில் திடுதிடுவென்று ஏறி ஓடினார். கிட்டாரோடு அதே வழியில் இறங்கி வந்தார்.

"என்னடி, கண்டுபிடிச்சிட்டியா?"

நான் ஷட்டரை இறக்கினேன். இப்போது அறையில் மேசை விளக்கு மட்டும்தான். அத்தை ஒரு தந்தியை மீட்டினார். மெலிந்த அலை அடித்தது. "நிறுத்தாதீங்க, வாசிச்சுக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு காலி அட்டைப் பெட்டியைப் பிய்த்து, விளக்குக்கும் அந்த உருளைக்கும் நடுவில் பிடித்தேன். எதையும் தொடவில்லை. நிழல் மட்டும்தான் விழுந்தது.

அலை இரண்டு தடவை தடுமாறி, நின்றது.

அட்டையை எடுத்தேன். வந்தது. பிடித்தேன். நின்றது. எடுத்தேன். வந்தது. என் தொழிலில் இதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குத் தெரிந்து கிடையாது. அத்தை வாசிப்பதை நிறுத்திவிட்டு அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நிழலுக்கா இந்த ஆட்டம்?"

"இருட்டுக்கு. உள்ள இருக்கிற பல்புக்கு வயசாயிடுச்சு. இத்தனை நாளும் உங்க அலங்கார லைட்டுதான் அதைத் தட்டித் தட்டி எழுப்பிவிட்டிருக்கு."

அத்தை கிட்டாரை மடியில் சாய்த்துக்கொண்டு, எரியாத சிவப்பு லைட்டை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு சுதாரித்துக்கொண்டு எழுந்தார்.

"சரிங்க. அப்போ நாளைக்கு மத்தியானம் அரங்கத்துக்குக் கொண்டு வந்துடுங்க," என்று சொல்லி, நான் ஷட்டரைத் தூக்கிவிடும்வரை காத்திருந்து, தெருவழியாக வீட்டுக்குப் போனார்.

சிவப்பு லைட்டுக்குப் புது பல்ப் போட்டால் போதும், அலை வந்துவிடும். ஆனால் அது ஒப்பேற்றுகிற வேலை. கிழட்டு பல்பை அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த மேடையிலோ அதற்கடுத்த மேடையிலோ அத்தை நடுப்பாட்டில் நிற்பதற்கு நான் காரணமாக மாட்டேன். உறையைப் பிரித்தேன். நியான் பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்துப்போயிருந்தது. கடையில் அதற்கு மாற்று இல்லை. பாகங்கள் விற்கிற கடைகளுக்குப் போன் போட்டால், சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் அடுத்த வாரம் என்றார்கள்.

கடுப்பில் கருவிப் பைக்குள் கையை விட்டேன். டெஸ்டர் தட்டுப்பட்டது. கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க எல்லோர் வீட்டிலும் ஒன்று கிடக்குமே, ஸ்க்ரூடிரைவர் மாதிரி, கைப்பிடிக்குள் குட்டியாக ஆரஞ்சு வெளிச்சம் எரியும். அந்த வெளிச்சம் என்ன? நியான் பல்ப்தான். போன வாரம் வாங்கிய புத்தம்புது டெஸ்டர். உடைத்தேன். பல்பை எடுத்து, இருட்டில் பற்றுகிறதா என்று துணிக்குள் மூடிச் சோதித்தேன். கோழிக்குஞ்சு மாதிரி துறுதுறுவென்று மின்னியது. வில்லைக்கு எதிரே அதை வைத்து, புது உறை போட்டு, இரண்டு முனையிலும் வெளிச்சம் புகாமல் அடைத்தேன். சிவப்பு லைட்டுக்கும் புது பல்ப் போட்டேன், இனி அது நிஜமாகவே அலங்காரம். பெட்டியில் தள்ளி, ஸ்க்ரூ முடுக்கி, ஷட்டரை இறக்கி, மேசை விளக்கையும் அணைத்துவிட்டு ஆன் செய்தேன். அலை அடித்தது. சும்மா அடிக்கவில்லை, அறையையே தூக்கித் தூக்கி வைத்தது.

அரங்கம் ஒரு அச்சகத்துக்கு மேல் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே மை வாசனை வரும். சனிக்கிழமை மதியம் நானும் கணவரும் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு போனபோது, நான்கு பேர் தங்கள் வாத்தியங்களோடு தயாராக இருந்தார்கள். அத்தை கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடை நடுவில் நின்றிருந்தார். ஹெச்.எம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வகுப்புக்குத் தாமதமாக வந்தவளைப் பார்க்கிற மாதிரி என்னையும் பார்த்தார்.

அத்தை வழக்கம்போலக் குமிழ்களைத் திருப்பினார். வேகம் பாதிக்குக் கொஞ்சம் கீழே. ஆழம் கடைசி வரை. அந்தக் குமிழ் எப்போதும் கடைசியில்தான் இருக்கும். திருப்பித் திருப்பி அந்த இடத்தில் கோடே விழுந்திருக்கிறது. கண்ணை மூடி முதல் தந்தியை மீட்டினார்.

சத்தம் எழுந்தது, அப்படியே பாதாளத்துக்கு இறங்கிக் காணாமல் போனது, மறுபடி எழுந்தது. கீபோர்டுக்காரி வாயைப் பிளந்தாள். அத்தை கண்ணைத் திறந்தார். முகம் கறுத்துவிட்டது.

"என்ன இது? என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"அலை, மேடம்."

"இதுவா அலை? கப்பல் முழுகுற மாதிரி இருக்கு. நான் என்ன கேட்டேன், நீங்க என்ன குடுக்கறீங்க? என் அலையத்தானே திருப்பிக் கேட்டேன்? புதுசா ஒண்ண யாரு கேட்டா? வேலை தெரிஞ்சா மட்டும் போதுமா, காது வேணாமா?"

வாயாரத் திட்டினார். எல்லோர் முன்னாலும், மூச்சு விடாமல். இதற்காகத்தானே தெருவைச் சுற்றி வந்தார். ஹெச்.எம். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, நேரமாகுது. ஓப்பனிங் கீபோர்டுலயே போயிடலாம்," என்றார்.

எனக்கு வந்ததே கோபம்.

"ஆழத்தைக் குறைங்க," என்றேன்.

"அது எப்பவும் கடைசியிலதான் இருக்கும்."

"ஏன் கடைசியில இருந்துச்சுன்னு கேட்டிருக்கீங்களா? உறை வெடிச்சு உள்ள வெளிச்சம் பூந்துட்டே இருந்துச்சு. அதனால அலையால முழுசா எழ முடியல, பல்புக்கு வயசானதால முழுசா இறங்கவும் முடியல. நீங்க முழுசாத் திருப்பி வெச்சு, கிடைச்சதை வாங்கிட்டு இருந்தீங்க. ஆம்ப் பொறந்தப்போ எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிக் குடுத்திருக்கேன். பாதிக்குத் திருப்புங்க மேடம். அப்புறம் திட்டுங்க, நின்னு வாங்கிக்கறேன்."

கணவர் வயரைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார். ஏற்கெனவே சுருட்டிய வயர் அது. அத்தை என்னை முறைத்தார். நான் நகரவில்லை. கடைசியில் அவர் குனிந்து, குமிழை அந்தக் கோட்டிலிருந்து விலக்கி, பாதிக்குக் கொண்டுவந்தார்.

மீட்டினார்.

அதுதான். அத்தையின் அலை. இத்தனை வருஷம் மாடியிலிருந்து இறங்கி வந்து என் கடைக்குள் கேட்ட அதே அலை, ஆனால் தூசி தட்டியதுபோல. அத்தை இன்னொரு தந்தி மீட்டினார், இன்னொன்று, மெட்டின் முதல் வரி முழுவதும். அப்புறம் கையால் தந்திகளை அமர்த்திவிட்டு, பாதியில் நிற்கிற குமிழைப் பார்த்தார். அதைத் தாண்டி மீதி இருக்கிற பாதியைப் பார்த்தார்.

"அப்போ இது?" என்றார். குரல் கஸ்டமர் குரலாக இல்லை.

"அதுவும் உங்களுதுதான்."

ஹெச்.எம். கடிகாரம் கட்டிய கையை இறக்கிவிட்டு, "ஓப்பனிங் கிட்டார்தான்," என்றார்.

மாலையில் அரங்கம் நிறைந்து, சுவரோரமாகவும் ஆட்கள் நின்றார்கள். விளக்குகளை அணைத்தார்கள். இருட்டில் அந்த ஆம்ப்ளிஃபையரின் சிவப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது. மேசையில் நன்றாக இருந்து அரங்கத்தில் கைவிடுகிற சரித்திரம் அதற்கு உண்டே. அத்தை தொடங்கினார். அலை எழுந்து, இருட்டில், யார் தயவும் இல்லாமல் அடித்தது. மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். மெட்டு சுற்றி வந்து, முடிகிற இடத்தில் மறுபடி கிட்டாருக்குத் திரும்பியது. அப்போது அத்தை இடது கையால் ஒரு தந்தியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை நீட்டி அந்தக் குமிழைத் தொட்டார். ஒத்திகையில் அப்படிச் செய்யவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, கடைசி வரைக்கும் திருப்பினார். அலை ஆழமாகிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவை அது இறங்கும்போதும் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது, எழும்போது விட்டது. ஹெச்.எம். வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி நின்று அத்தையைப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரை நினைத்தும் பெருமை, என்னை நினைத்தும் பெருமை. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

இடைவேளையில் ஹெச்.எம். கேட்டார்.

"என்னோட ஆம்ப்பும் கொஞ்ச நாளா இரையுது. யாருகிட்ட குடுத்தீங்க இதை?"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என் மருமகள்தான் என்று சொல்லுவார், சிரித்துக்கொள்ளலாம் என்று முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"என்கிட்ட ஒரு மெக்கானிக் இருக்கா," என்றார் அத்தை. "வாய் நீளம். ஆனா வேலை சுத்தம். இந்தப் பக்கத்துல அவள அடிச்சுக்க ஆள் கிடையாது." ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, இன்னொன்று ஞாபகம் வந்ததுபோல என் தோளில் கையைப் போட்டார். "எங்க வீட்டுலதான் இருக்கா."

நான் தயாராக வைத்திருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹெச்.எம்.மிடம் திங்கட்கிழமை கொண்டு வரச் சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்து கிளம்பும்போது, கணவர் வழக்கம்போல ஆம்ப்ளிஃபையரைத் தூக்கப் போனார். "விடுங்க, நான் தூக்கறேன்," என்றேன். கனமான கனம். அச்சகத்தின் படிகளில் ஒவ்வொன்றாக இறக்கி, வண்டியில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கினேன். முதுகு விண்ணென்று வலித்தது. யாரிடமும் கொடுக்கவில்லை.